கிளைச் சேர்வர்களின்ர இரவு வேலைகளை ஒரே இடத்தில இருந்து நடத்த எது நல்லம்?

மாங்குளத்தான்:
வணக்கம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில கணினி வேலை பாக்கிறன். தலைமை அலுவலகம் கிளிநொச்சி. மாங்குளம், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவில கிளைகள். எல்லா இடமும் உபுண்டு சேர்வர். இரவு 2 மணிக்குக் கிளையில பக்கப், 3 மணிக்கு அது கிளிநொச்சிக்கு வரும், 4 மணிக்கு நெல் கொள்வனவுக் கணக்கு ஒண்டாச் சேரும். எல்லாம் கிரொன்தான், லினக்ஸில குறிச்ச நேரத்துக்கு வேலையை ஓட்டிறது. மாரி துவங்கினால் கரண்ட் போகும், பக்கப் ஓடாது. 4 மணி வேலை முதல்நாள் ஃபைலையே கூட்டிப்போட்டு விட்டிடும். விடிய நெல்லுக் காசுக்கு வந்து நிக்கிற கமக்காரருக்குப் பிழைக்கணக்கு சொல்லேலாது. இப்பிடி வேலைகளை ஒரே இடத்தில இருந்து ஓட்டிற மென்பொருளில எது நல்லம், ரண்டெக்கா, குரோனிக்கிளா, ஏர்ஃப்ளோவா? காசு கட்டி வாங்க வழியில்லை.

வவுனியா_லினக்ஸ்:
ஏர்ஃப்ளோ உங்களுக்குப் பெரிசு. ரண்டெக் எஸ்எஸ்எச்சால (தூரத்துச் சேர்வருக்குப் பாதுகாப்பாக் கட்டளை அனுப்பிற வழி) போகும், கிளையில ஒண்டும் நிறுவத் தேவையில்லை. ஆனால் ஜாவாவில ஓடிறது, ராம் நல்லாத் தின்னும். குரோனிக்கிள் இலேசு, ஆனா ஒவ்வொரு சேர்வரிலயும் நோட் ஜேஎஸ் எண்ட மென்பொருள் வேணும்.

நெடுங்கேணி:
தம்பி, மென்பொருளைத் தெரிவுசெய்ய முதல் ஒண்டை யோசியுங்கோ. கிளிநொச்சியில இருந்து ரண்டெக் கட்டளை அனுப்பேக்க லைன் இல்லாட்டி, கிளைச் சேர்வர் உயிரோட இருந்தாலும் பக்கப் ஓடாது. அதால பக்கப்பைக் கிளையிலயே விடுங்கோ. கிரொனுக்குப் பதிலா உபுண்டுவிலயே இருக்கிற சிஸ்டம்டி டைமர், அதில பெர்சிஸ்டன்ற் எண்டதை ட்ரூ ஆக்குங்கோ. தவறின வேலை கரண்ட் வந்து சேர்வர் எழும்பின உடன ஓடும்.

மற்ற ரெண்டையும் ரண்டெக்கிட்டக் குடுக்கலாம், ஆனா மணிக்கூட்டை மட்டும் நம்பி இல்லை. அண்டைய திகதி போட்ட ஃபைல் எல்லாக் கிளையில இருந்தும் வந்திட்டுதா எண்டு பாத்துத்தான் கணக்கு கூட்டவேணும். ஒண்டு குறைஞ்சாலும் நிக்கவேணும், உங்களுக்கு அறிவிக்கவேணும். இதுதான் உங்கட பிரச்சினைக்கு மருந்து, எந்த மென்பொருள் எடுத்தாலும்.

கரண்ட் இல்லாத சேர்வர் பிழை எண்டு மெயில் போடாது. அதுக்கு ஹெல்த்செக்ஸ் எண்ட கண்காணிப்பு மென்பொருளைப் பாருங்கோ, வேலை முடிய ஒவ்வொரு சேர்வரும் அதுக்குச் செய்தி அனுப்பவேணும், நேரத்துக்குச் செய்தி வராட்டி அது கத்தும். வெளியில ஒரு சேர்வரில வையுங்கோ.

மாங்குளத்தான்:
நன்றி அண்ணை. பக்கப் எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனால்? பாதி ஃபைலும் திகதியோட நிக்குமே.

நெடுங்கேணி:
தற்காலிகப் பேரில எழுதி, முழுசா முடிஞ்சாப் பிறகு மட்டும் திகதிப் பேருக்கு மாத்துங்கோ. சேர்வர் நேரம் யூரிசியில (உலகப் பொது நேரம்) கிடக்குதோ எண்டும் பாருங்கோ. அப்பிடியெண்டால் 2 மணிப் பக்கப் எங்கட காலமை 7.30க்கு ஓடும்.