சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல், பள்ளியிலேயே பல்லை அடைத்துவிடும் வேன் கிடைக்குமா?

பென்னாகரத்து அம்மா:
வணக்கம். பென்னாகரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன், என் பெண் அங்கேதான் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து பல் முகாம் என்று வந்தார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு சின்ன பேஸ்ட், சொத்தை இருந்தவர்களுக்கு ஒரு சீட்டு, மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். சீட்டில் 'கல்லூரிக்கு அழைத்து வரவும்' என்று இருந்தது. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலி போய்விடும். நான் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்ததில் 31 சீட்டுக்கு இரண்டு பேர்தான் போயிருக்கிறார்கள்.

நாலாம் வகுப்பில் ஒரு பையன் வலது பக்கம் மெல்லுவதே இல்லை. சத்துணவில் கொண்டைக்கடலை போடும் நாளில் அதை அப்படியே பக்கத்துப் பிள்ளையின் தட்டில் தள்ளிவிடுகிறான். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பல் பார்க்கும் நாற்காலியோடு வேன் உண்டாமே, அதை வரவழைக்க யாரைக் கேட்க வேண்டும்? பள்ளிக்கு ஏதாவது செலவாகுமா?

வேன் டாக்டர்:
அம்மா, நான் ஆறு வருஷம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி வேனில் ஊர் ஊராகப் போனவள். பெரும்பாலான கல்லூரிகளில் இந்த வேன் இருக்கிறது. பப்ளிக் ஹெல்த் டென்டிஸ்ட்ரி என்று ஒரு துறை இருக்கும், அதன் தலைவருக்குத் தலைமை ஆசிரியர் கடிதம் எழுத வேண்டும். கடிதத்தில் 'பரிசோதனை முகாம்' என்று எழுதாதீர்கள், 'சிகிச்சை முகாம்' என்று எழுதுங்கள். வெறும் முகாம் என்றால் டார்ச்சோடு பயிற்சி மருத்துவர்கள் மட்டும் வந்துவிட்டுப் போவார்கள். முதல் நாள் பார்த்துப் பட்டியல் எடுக்க, அப்புறம் அடைக்க, பிடுங்க என்று குறைந்தது இரண்டு மூன்று தேதிகளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நாங்கள் எந்தப் பள்ளியிலும் பணம் வாங்கியதில்லை. நிழலான இடம், தண்ணீர், ஒரு கரண்ட் பாயிண்ட் இருந்தால் போதும். வேன் கேட்டுக்குள் நுழையுமா என்று மட்டும் அளந்து பாருங்கள், ஒரு ஊரில் அதற்கே ஒரு மணி நேரம் போய்விட்டது.

இன்னொன்று, பெற்றோர் கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள். ஆறு வயதில் பால் பல் வரிசைக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும், மேலும் கீழும் இரு பக்கமுமாக நாலு. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை, சொத்தையானாலும் 'பால் பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது, ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். நான் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பிடுங்கியதில் பாதிக்கு மேல் அந்தப் பல்தான், ஒவ்வொரு முறையும் மனது கஷ்டப்படும். உங்கள் பெண்ணுக்கு இப்போது அது முளைத்திருக்கும். அதன் பள்ளங்களை முன்னாடியே அடைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடும். வேன் வந்தால் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை முதலில் ஏற்றச் சொல்லுங்கள்.

வேன் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. 1980களில் தான்சானியாவில் மின்சாரம் இல்லாத இடங்களுக்காக ஒரு முறை கொண்டுவந்தார்கள். மெஷின் வேண்டாம், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து அடைப்பது, வகுப்பறை பெஞ்சில் படுக்க வைத்தே செய்யலாம். சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு என்று ஒரு மருந்தும் உண்டு, தடவினால் சொத்தை மேலே பரவாமல் பெரும்பாலும் நின்றுவிடும். அந்த சிமென்டையும் இந்த மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்த மருந்து பட்ட சொத்தை கருப்பாகிவிடும். படத்தைக் காட்டிப் பெற்றோரின் சம்மதம் வாங்காமல் முன் பல்லில் தடவ விடாதீர்கள்.

கிருஷ்ணகிரி வாத்தியார்:
டாக்டர் சொன்னதோடு பள்ளி பக்கத்து விஷயம் சில. கையெழுத்துப் படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் திரும்பி வராது, சாயங்காலம் கூட்டிப்போக வரும் பாட்டியிடமே விளக்கி வாங்குங்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும், மேலாண்மைக் குழுத் தீர்மானத்தையும் இணைத்துவிட்டால் வேலை சுலபம். ஊசி போடும் பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது, காலை உணவு முடிந்ததும் அவர்களை அனுப்புங்கள். பல் அடைத்த பிள்ளை ஒரு மணி நேரம் எதுவும் மெல்லக் கூடாது, அதனால் சாப்பாட்டு மணிக்கு முன்பே அடைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் இதை யோசிக்காமல் விட்டதில் பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரியும்தானே. பல்லில் பழுப்புக் கறை இருப்பதெல்லாம் சொத்தை இல்லை. பல் உள்ளே உருவாகும் வயதில் குடித்த தண்ணீரால் வந்த கறை அது, இப்போது குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குடித்தாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. எங்கள் வகுப்பில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டேதான் பேசுவாள், பல் விளக்காதவள் என்று மற்ற பிள்ளைகள் சொன்னதால். வருகிற டாக்டரை அதைப் பற்றி எல்லார் முன்னாலும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் பிள்ளைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு வருஷம் ஒரு முறை அரசுப் பள்ளிக்கு வர வேண்டும். பல் சொத்தையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது, மேல் சிகிச்சை இலவசம். அவர்கள் பதிவேட்டில் பெயர் ஏறியதா என்று கூடவே நின்று பாருங்கள்.

பென்னாகரத்து அம்மா:
ரொம்ப நன்றி டாக்டர், நன்றி சார். திங்கட்கிழமை தலைமை ஆசிரியரிடம் கடிதம் எழுதி வாங்குகிறேன். அந்தப் பையனையும் வேன் வரும்வரை நிறுத்தி வைக்கலாமா?

வேன் டாக்டர்:
வேண்டாம். ஈறில் கொப்புளமோ கன்னத்தில் வீக்கமோ இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், அல்லது ராத்திரி வலியில் தூங்கவில்லை என்றால், நாளைக்கே மாவட்ட அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், காய்ச்சல் இருந்தால் காலைவரை கூடக் காத்திருக்க வேண்டாம். கிராம்பு வைத்துச் சமாளிக்கிற கட்டம் அவனுக்குத் தாண்டியிருக்கும்.

பென்னாகரத்து அம்மா:
பார்த்தேன் டாக்டர், ஈறில் சீழ் மாதிரி ஒரு முளை இருக்கிறது, காய்ச்சல் இல்லை. அவன் அம்மாவுக்கு வேலைக்கு லீவு கிடைக்காது, நான் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். காலை ஆறரை பஸ்.