ஒலிம்பிக் ஜோதி ஓட்டம் பழங்கால மரபா, 1936-இல் தொடங்கியதா?

மயிலை மாறன்:
“கிரேக்கர்கள் மூவாயிரம் ஆண்டுகளாகப் போற்றி வரும் ஜோதி ஓட்டத்தைப் பார்த்து, மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்கு ஒரு நகலைச் செய்துவிட்டார்கள்” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பண்டைய ஒலிம்பிக் நடந்த கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் ஏற்றிய சுடரைக் கைமாற்றிக் கொண்டுபோகும் ஓட்டம், 1936 பெர்லின் போட்டிக்காக அதன் அமைப்பாளர் கார்ல் டீம் வகுத்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் அரங்கின் கோபுரத்தில் தீ எரிந்ததே தவிர, அதை யாரும் ஓடிக் கொண்டுவரவில்லை.

அடையாறு செல்வி:
எழுதியவள் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். பண்டைய ஏதென்ஸில், மனிதருக்குத் தீயைத் தந்ததாகக் கிரேக்கர் போற்றிய புரோமித்தியசின் பலிபீடத்திலிருந்து பந்தத்தை அணையாமல் ஏந்தி ஓடினார்கள். 1936 என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த வரலாறு அழியாது.

மயிலை மாறன்:
ஓடியது ஏதென்ஸில், ஒலிம்பியாவில் அல்ல. அதுவும் பந்தயம், சுடர் அணைந்தவர் தோற்றார். 1936 ஜூலை 20 அன்று குழியாடியில் சூரிய ஒளியைக் குவித்து ஏற்றிய தீயை, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏழு நாடுகள் வழியாகப் பெர்லினுக்குக் கொண்டுசேர்த்ததே இன்றைய ஓட்டத்தின் தொடக்கம். 1936, அம்மா.

பெரம்பூர் பரணி:
நாஜிகளின் விளம்பரத்துக்குப் பயன்பட்ட ஒன்றை நாம் ஏன் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும்? 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காகத் தில்லிக்கு வந்த ஜோதியை, திபெத்தியர் போராட்டத்துக்கு அஞ்சிப் பாதையைச் சுருக்கிக் காவலர் நடுவே ஓடவிட்டார்கள். கால்பந்து வீரர் பைச்சுங் பூட்டியா அதை ஏந்தவே மறுத்தார்.

அடையாறு செல்வி:
பரணி ஐயா, பேச்சைத் திசைதிருப்ப வேண்டாம். மாரத்தான் தூரம் பற்றிய விவாதத்திலும் மாறன் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பிறரைப் பேசவிடவில்லை.

மயிலை மாறன்:
அந்த 42.195 கிலோமீட்டர் சரியான எண்தான், இன்றும் அதையே சொல்வேன். 2022 ஜூன் 19 அன்று தில்லியில் ஆனந்த் பெற்றுக்கொண்ட செஸ் ஜோதி 40 நாளில் 75 நகரங்களைச் சுற்றியது. நேப்பியர் பாலமே சதுரங்கக் கட்டங்களாக மாறியிருந்த நேரத்தில் நம் ஊருக்கு அது வந்தது. இனி ஒவ்வொரு செஸ் ஒலிம்பியாடுக்கும் ஜோதி இந்தியாவிலிருந்தே புறப்படும் என்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே முடிவெடுத்தது. 1936-இல் ஒருவர் வகுத்ததை மரபென்று வணங்குபவர், 2022-இல் தொடங்கியதை மட்டும் நகல் என்பது என்ன நியாயம்?

அடையாறு செல்வி:
75 நகரங்களையும் காலால் ஓடியா கடந்தார்கள்?

மயிலை மாறன்:
1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்காக ஏதென்ஸிலிருந்து கனடாவின் ஒட்டாவாவுக்குச் சுடர் காலால் ஓடியா போனது? செயற்கைக்கோள் வழியாக மின்குறியாகத்தான் போனது. அதே மாண்ட்ரியலில் மழையில் அணைந்த தீயை ஒரு பணியாளர் சிகரெட் லைட்டரால் ஏற்றிவிட, பதறிப்போய் அதை அணைத்து, பாதுகாத்து வைத்திருந்த மூலச்சுடரிலிருந்து மீண்டும் ஏற்றினார்கள். அதை நகல் என்று நீங்கள் ஒருநாளும் எழுதியதில்லை.

பெரம்பூர் பரணி:
நான் கேட்டதற்கு இருவருமே பதில் சொல்லவில்லை.

அடையாறு செல்வி:
ஏதென்ஸுக்கும் பதில் வரவில்லை.

மயிலை மாறன்:
வந்துவிட்டது, மேலே சென்று படியுங்கள். பண்டைய ஒலிம்பியாவிலிருந்து பந்தம் ஏந்தி ஊர் ஊராக ஓடியதற்கு ஒரே ஒரு சான்றைக் காட்டுங்கள், பிறகு பேசலாம். அதுவரை 1936தான்.