மனச்சோர்வுக்கு முதல் மருந்து வருமானமா, சிகிச்சையா?

பவானிக்கரை எழுதியது:

உழைக்கும் வயதினரிடையே மனச்சோர்வும் பதற்றமும் பெருகுவதற்கு விழிப்புணர்வுக் குறைவே காரணம் என்று சொல்லி, ஒரு பேரணி, சில சுவரொட்டிகள், 14416 என்ற அரசு மனநல உதவி எண் ஆகியவற்றோடு கடமையை முடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எண் வேண்டியதுதான். ஆனால் காரணம் கூலியிலும் கடனிலும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 26.4 விழுக்காட்டினர் தினக்கூலித் தொழிலாளர்கள்.

எங்கள் விசைத்தறித் தெருவில் குழுக்கடன் வசூல் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். வாரம் ஒரு நாள் காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் குழுப் பெண்கள் எல்லோரும் கூட வேண்டும். ஒருவர் தவணைப் பணமில்லாமல் வந்துவிட்டால் மற்றவர்களும் எழுந்து போக முடியாது. தறிக்கு நேரமாகிறதே என்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஒருத்தி பக்கத்து வீட்டு வாசலில் கைமாற்றுக் கேட்டு நிற்பாள். அவளுக்கு முந்தைய இரவே தூக்கம் போயிருக்கும். அவளை நோயாளி என்று சொல்லி, மாத்திரை கொடுத்து, மறுவாரம் அதே திண்ணைக்கு அனுப்பிவைப்பது எப்படிச் சிகிச்சையாகும்?

செவிலியர் மங்கை எழுதியது:

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணியாற்றுபவள் என்ற முறையில் இந்த வாதத்தை மறுக்கிறேன், பவானிக்கரை ஐயா. வறுமை நோயைத் தருகிறது என்பதை மட்டும் பார்த்தால், நோய் ஒரு குடும்பத்தை வறுமைக்குள் தள்ளுவது கண்ணில் படாமல் போகும். 1992இல் அமெரிக்க ஆய்வாளர் டோரன்வெண்ட் குழுவினர் இஸ்ரேலில் நடத்திய ஆய்வு வெளியானது. பெண்களின் மனச்சோர்வுக்குச் சமூக நிலையே காரணமாக அமைகிறது என்றும், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் நோயே மனிதரைக் கீழ்நிலைக்கு இறக்குகிறது என்றும் அது காட்டியது. இரண்டையும் ஒரே காரணத்தில் அடக்க முடியாது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் நேர்ந்த தீ விபத்தில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால்தான் அவர்களால் தப்ப முடியவில்லை. மருத்துவம் சென்றடையாத இடத்தில் ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்தது அந்தக் கொட்டகைதான். 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பலவகை மனநோய்களில் சிகிச்சையே பெறாதவர்கள் 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகச் சொல்கிறது. இந்த நிலையில் 'முதலில் கூலி உயரட்டும்' என்று சொன்னால், இன்று படுத்த படுக்கையாக இருக்கும் மனிதர் அதுவரை காத்திருக்க வேண்டுமா? 'நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் வலி' என்று வந்து, சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்பும் பெண்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். மனத்தைப் பற்றி அவர்களிடம் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

புள்ளியியல் மாணவன் எழுதியது:

நீங்கள் இருவருமே வறுமையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. நிதி ஆயோக்கின் 2023 அறிக்கையில் பல்பரிமாண வறுமை (கல்வி, உடல்நலம், வாழ்க்கைத்தரம் ஆகியவற்றைக் கொண்டு அளப்பது) பீகாரில் 33.76 விழுக்காடு, தமிழ்நாட்டில் 2.20 விழுக்காடு. வறுமையே காரணமென்றால் பீகாரில்தான் தற்கொலை மிகுந்திருக்க வேண்டும். ஆனால் 2022இல் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்குப் பீகாரில் 0.6, தமிழ்நாட்டில் 25.9. பீகாரில் பதிவு குறைவாக இருக்கக்கூடும். எனினும் இவ்வளவு பெரிய இடைவெளி முழுவதையும் பதிவேட்டின் தலையில் கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. பிரிட்டனின் அரசு ஊழியர்களை ஆராய்ந்த மைக்கேல் மார்மட் குழுவினர், எவரும் பட்டினி கிடக்காத அந்த அலுவலகங்களிலும் படிநிலை இறங்க இறங்க நோய் கூடுவதைக் கண்டார்கள். கென்யாவில் சில வீடுகளுக்கு மட்டும் ரொக்கம் கொடுத்தபோது, அதைப் பெறாத அண்டை வீட்டாரின் மனநிறைவு குறைந்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. ஆகவே, பணம் கொடுத்தால் மனம் தேறும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

பவானிக்கரை எழுதியது:

கென்யாவிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேரை விட்டுவிடாதீர்கள் என்பதே. இங்கே மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்தைத் தாண்டக் கூடாது, ஆண்டு மின்பயன்பாடு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் வரையறுத்தார்கள். மாமனார், மைத்துனர் குடும்பங்களோடு ஒரே மின் இணைப்பில் வாழும் பெண் அந்தக் கணக்கில் என்ன ஆவாள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவித் திட்டம் சென்ற பகுதிகளில் தற்கொலை விகிதம் சுமார் 18 விழுக்காடு குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தத் திட்டத்தில் மனநல மருத்துவம் என்று எதுவும் இல்லை. குடும்பத்தின் கைக்குப் பணம் வந்தது. இதற்கு மங்கை அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

செவிலியர் மங்கை எழுதியது:

சொல்கிறேன். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக் குறைத்துக் காட்டினார்கள். மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினரின் அந்த ஆய்வு 2017இல் வெளியானது. அந்த நோயாளிகளின் கையில் யாரும் பணம் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் வேலைக்குப் போக முடியாமல் இழந்த நாட்கள் குறைந்தன. சிகிச்சையே வருமானத்தைக் காப்பாற்றித் தருகிறது, ஐயா.

எங்கள் மாவட்டத்தில் தடையாக இருப்பது நேரம். தாலுகா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வருவது குறித்த ஒரு வேலைநாளின் முற்பகலில். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் வந்து போகும் செலவு மிச்சம். ஆனால் வரிசையில் நின்று சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மருந்து பெறுவதற்குள் அன்றைய கூலி போய்விடும். இரண்டாம் முறை அவர்கள் வராமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மாலை நேரப் பிரிவு வேண்டும் என்று நான் மனு எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் தெருவிலிருந்து எழுதுங்கள்.

பவானிக்கரை எழுதியது:

எழுதுகிறேன், கையெழுத்தும் வாங்கித் தருகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்காமல் அந்த மனு முழுமையாகாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டம் 2025இல் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. எங்கள் தெருவில் அதைப் பற்றி அறிந்த பெண் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. உங்கள் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கடன் எவ்வளவு, யார் எப்படி வசூலிக்கிறார்கள் என்று கேட்டு, தேவைப்படுவோரை இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதில் எழுதுங்கள். இரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல அதுவும் உங்கள் வேலை என்றே நான் கருதுகிறேன். இதில் உங்களுக்கு உடன்பாடு இருக்குமா என்று தெரியவில்லை.