புதுப்பிப்பு: எண்ணூர் கரையில் தூண்டில் வீச ராட், ரீல், நரம்பு

எண்ணூர் முகத்துவாரத்தில் மணலில் நின்று தூண்டில் வீச என்ன ராட் (தூண்டில் கோல்), ரீல் (நரம்பைச் சுற்றி இழுக்கும் கருவி), நரம்பு (தூண்டில் நூல்) வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் 15 அடி ராட் சொன்னீர்கள். நான் 12 அடியோடு நிறுத்திக்கொண்டேன், பைக்கில் கட்டிக்கொண்டு போக வேண்டுமே. ரீல் 6000 சைஸ். அதில் குறையில்லை.

வம்பெல்லாம் நரம்பில்தான். 30 பவுண்டு தாங்கும் பிரெய்டை (பின்னல் நரம்பு), ரீலில் நரம்பு சுற்றும் ஸ்பூலில் நேராகச் சுற்றிவிட்டேன். மீன் இழுத்ததும் மொத்தச் சுற்றும் ஸ்பூலிலேயே வழுக்கியது. அடியில் கொஞ்சம் தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நரம்பு) சுற்றியிருக்க வேண்டும். அப்புறம், 4 அவுன்ஸ் ஈயத்தை ஓங்கி வீசியதில் ஆள்காட்டி விரல் கிழிந்தது. நரம்பு அறுந்து ஈயம் தனியாகக் கடலுக்குப் போய்விட்டது. கையுறை போடச் சொன்ன அண்ணே, மன்னிச்சிடுங்க.

இப்போது வீசும் வேகத்தைத் தாங்க, பிரெய்டின் முனையில் 40 பவுண்டு தங்கூஸ் முடிந்திருக்கிறேன், ராட் நீளத்துக்கு இரண்டு மடங்கு. வீசும்போது இரண்டையும் சேர்க்கும் முடிச்சு ஸ்பூலுக்குள் வந்து, அதன் மேல் ஐந்தாறு சுற்று விழ வேண்டும். ஈயத்தின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் முனைத் தங்கூஸ் 10 பவுண்டு தாங்க வேண்டும் என்ற கணக்கு சரியாக நிற்கிறது.

திருவொற்றியூர் கல் தடுப்புகளுக்கு மட்டும் முழுத் தங்கூஸ் சுற்றிய வேறு ஸ்பூல். பிரெய்டு கல்லில் உரசினால் போச்சு. நேற்று இறாலை இரையாகப் போட்டதில் இரண்டு கெளுத்தி மாட்டின. ஒன்று குத்தியும் விட்டது.