கேணியைத் தேடினால் காணி வந்தது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதும் ஐயா ஒருவருக்கு ஒரு தேடல் மென்பொருள் செய்து கொடுத்தேன். கிரயம், பாகப்பிரிவினை, தானம் என்று பல வருடமாக அவர் தட்டச்சு செய்து வைத்தவை எல்லாம் கணினியில் இருந்தன. "தம்பி, பழைய பத்திரத்துல ஒரு பேரைத் தேடணும்னா அரை நாள் போயிடுது" என்றார்.

முதலில் தரவுத்தளத்தில் ஒரு சொல்லைத் தேட உதவும் லைக் (LIKE) கட்டளையைப் போட்டேன். சொல் எங்கே இருந்தாலும் பிடிக்க அதன் முன்னும் பின்னும் சதவீதக் குறி வைத்தால் சாதாரண இன்டெக்ஸ் உதவாது, ஒவ்வொரு பத்திரத்தையும் முழுதாகப் படித்தாக வேண்டும். இழுத்தது. சரி என்று, நான் பயன்படுத்திய எஸ்கியூலைட் (SQLite) என்ற சின்னத் தரவுத்தளத்திலேயே இருக்கும் எஃப்டிஎஸ்5 (FTS5) என்ற தேடல் வசதிக்கு மாறினேன். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எந்தப் பத்திரத்தில் என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். என்டர் தட்டியதும் விடை வந்தது.

ஐயா 'கேணி' என்று அடித்தார். காணி என்று வரும் பத்திரமெல்லாம் வந்து நின்றது. 'மணி' என்ற பெயரைத் தேடினால் மண் சுவர் வைத்த வீடுகள் வந்தன. எனக்கு இரண்டு நாள் தூக்கமே இல்லை.

காரணம் எஃப்டிஎஸ்5-க்குள் இருக்கும் யூனிகோட்61 (unicode61) என்ற சொல்பிரிப்பான். எழுத்து, எண் வகைகளை மட்டுமே அது சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம், கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'குறி' வகை. அவற்றை இடைவெளி போலப் பாவித்து அங்கேயே சொல்லை வெட்டிவிடும். கேணியும் காணியும் வெறும் க, ண ஆகிவிடும். மணியும் மண்ணும் 'மண'. அட்டவணையை உருவாக்கும்போதே குறி வகைகளையும் சேர்க்கச் சொன்னால் போதும், சரியாகிவிடும். தமிழில் தேடல் வைக்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

அப்புறம் வேற்றுமை உருபு. 'மஞ்சக்குப்பம்' என்று தேடினால் 'மஞ்சக்குப்பத்தில்' வராது. போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற சர்வர் வகைத் தரவுத்தளத்தில் 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பான் உண்டு. ஆனால் ஐயாவின் ஒற்றைக் கணினிக்கு சர்வர் எதற்கு? தேடும் சொல்லின் கடைசி 'ம்', 'உ'கரக் குறி, புள்ளி இவற்றை நீக்கிவிட்டு முன்னொட்டாகத் தேட வைத்தேன். மஞ்சக்குப்ப என்று தொடங்குவது எல்லாம் வரும். வீடு என்றால் வீட்டில், கிணறு என்றால் கிணற்றில், கடலூர் என்றால் கடலூரில். மண் போன்ற குட்டிச் சொற்களில் மட்டும் கை வைக்கக் கூடாது, இல்லையென்றால் மணி திரும்பி வந்துவிடுவார்.

கடைசியாகச் சிக்கியது 'கௌ'. பலர் அதை கெ, ள என்று இரண்டு எழுத்தாக அடிக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கு வேறு சொல். ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் இயல்பாக்கம் இதைத் தொடாது, நாமே மாற்ற வேண்டும். கண்மூடித்தனமாக மாற்றவும் முடியாது, கெளுத்தி மீனில் இருப்பது நிஜமான ளகரம். ள-வுக்குப் பின் குறியோ புள்ளியோ வந்தால் விட்டுவிடு என்று விதி எழுதினேன். அதுவும் தேடலுக்கென்று எடுத்த நகலில் மட்டும். பத்திரத்தின் மூலத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, மாற்றவும் கூடாது.

போன மாதம் ஒரு அம்மா தன் தாயார் பெயரில் இருந்த பாகப்பிரிவினையைக் கேட்டு வந்திருந்தார். ஐயா 'கௌரி' என்று அடித்தார். அவரே எப்போதோ 'கெளரி' என்று அடித்து வைத்த பத்திரம் முதல் வரியில் வந்தது.