நாள் தள்ளிப்போகும் முன்பே தெரியுமா? எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

மார்பு கனக்கிறது, அடிவயிறு இழுக்கிறது, சாயங்காலத்துக்குள் உடம்பு அசந்துபோகிறது: "கரு தங்கியிருக்குமா?" என்று கேட்டு வரும் பலரும் சொல்வது இவைதான். கருமுட்டை வெளியானதும் எந்த மாதமும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் அந்த இரண்டு வாரம் உடம்பு ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆகவே பீரியட்ஸுக்கு முந்தைய வாரத்து வலியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். நாள் தள்ளிய பிறகும் தொடர்ந்தால் கவனியுங்கள். மசக்கை பெரும்பாலும் அதற்கும் பின்னால், கடைசிப் பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் 6-வது வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். அது வராதவர்களும் உண்டு, பயப்பட வேண்டாம்.

•

மேலே சொன்னதோடு ஸ்பாட்டிங்கையும், அதாவது லேசாக ரத்தம் படுவதையும், சேர்த்துக்கொள்ளுங்கள். கரு ஒட்டும் சமயத்தில் சிலருக்கு வெளிர் ரோஸாகவோ பழுப்பாகவோ ஓரிரு நாள் லேசாகப் படும். கட்டி வராது, நாப்கின் நனையாது. இதைப் பீரியட்ஸ் என்று எடுத்துக்கொண்டால் தேதிக் கணக்கே மாறிவிடும்; பிறகு ஸ்கேனில் வளர்ச்சி வேறு வாரத்தைக் காட்டும்போது வீண் கலக்கம். வழக்கத்தைவிடக் குறைவாகப் பட்டிருந்தால் அந்தத் தேதியைத் தனியாகக் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

•

வீட்டிலேயே சிறுநீரில் பார்க்கும் கார்டு டெஸ்ட்டில் நடக்கும் தவறுகள்தான் அதிகம். பல கார்டுகள், ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் ஒரு மில்லி லிட்டருக்கு 25 மில்லி யூனிட் அளவை எட்டினால்தான் கோடு காட்டும். கரு ஒட்டிய பிறகே அது சுரக்கத் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். அவசரப்பட்டுப் பார்த்தால் கரு இருந்தும் நெகட்டிவ் வரும். நாள் தள்ளிய முதல் நாளிலிருந்து, காலையில் போகும் முதல் சிறுநீரில் பாருங்கள். அதற்கு முன் நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துவிடும். காலாவதி தேதியைப் பார்த்து, அட்டையில் எழுதியிருக்கும் அத்தனை சொட்டு மட்டும் குழியில் விட்டு, கார்டைச் சமதளத்தில் வையுங்கள்.

சொன்ன நிமிடத்துக்குள், பொதுவாக 3 முதல் 5 நிமிடத்தில், பார்த்துவிட வேண்டும். கார்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் சி கோடு வராவிட்டால் அந்தக் கார்டு செல்லாது. முடிவைக் காட்டும் டி கோடு மங்கலாக இருந்தாலும் நிறம் இருந்தால் பாசிட்டிவ்தான். 10 நிமிடம் கழித்து நிறமில்லாமல் சாம்பலாகத் தெரிவது ஈரம் காய்ந்த தடம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நெகட்டிவ் வந்தும் பீரியட்ஸ் வரவில்லையா, மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். சுழற்சி ஒழுங்கில்லாதவர்கள் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்ப்பது நல்லது. கருமுட்டை வெடிக்க ஹெச்சிஜி ஊசி போட்டவர்களுக்கு அந்த மருந்தே சில நாள் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். எப்போது பார்க்கலாம் என்று ஊசி போட்ட இடத்திலேயே கேளுங்கள்.

•

பாசிட்டிவ் வந்ததும் ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம், 12 வாரம் வரை. முயற்சி செய்யும்போதே தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது. வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், உடனே டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், இவற்றோடு ரத்தம் படுவது: இதில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். கரு கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தாலும் கார்டு பாசிட்டிவ்தான் காட்டும். அது எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேனில்தான் பார்க்க முடியும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.