கோலாலம்பூர் நகரின் நடுவே ஓடும் கூட்ஸ் ரயிலை வெளியே திருப்பலாமா?

சிகாம்புட்வாசி:
கிள்ளான் துறைமுகத்திலிருந்து வடக்கே போகும் சரக்கு ரயில் எதுவானாலும் கேஎல் சென்ட்ரல், புத்ரா, சிகாம்புட், கெப்போங் என்று தலைநகரின் நடுவே நுழைந்துதான் அதற்கு வடக்கே உள்ள ரவாங்கை அடைய வேண்டும். பகலில் கொமுட்டர் என்ற புறநகர் ரயிலும் இ.டி.எஸ். என்ற நெடுந்தூர மின்ரயிலும் தடத்தை நிறைத்துவிடுவதால், எங்கள் வீட்டுப் பின்புறம் அது பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் வருகிறது. சாமிமேடையில் தொங்கும் சிறுமணி காற்றில்லாமலே ஒலிக்கிறது என்று என் மனைவி அதற்குள் பஞ்சு திணித்து வைத்திருக்கிறாள். ரவாங்குக்கும் வடக்கே உள்ள செரண்டாவிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு நேரே ஒரு புறவழிப்பாதை என்ற திட்டம் நெடுங்காலமாகப் பேச்சில் இருக்கிறது. அதை நிறைவேற்ற வேண்டும் என்பதே என் கட்சி.

பிரிக்பீல்ட்ஸ் பேரன்:
அண்ணன் மன்னிக்க வேண்டும். கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1886இல். உங்கள் அடுக்குமாடி அதற்கு நூறாண்டுக்குப் பின்னராவது வந்திருக்கும். என் தாத்தா பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் தடம் மாற்றிவிடும் பாய்ண்ட்ஸ்மேனாக இருந்தவர். ஏறத்தாழ 72 ஏக்கர் கொண்ட அந்த இடத்தில்தான் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. அங்கு எழுந்த கோபுரங்களில் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் வாடகைக்குக்கூடக் குடியேற முடியவில்லை. தண்டவாளம் நகர்ந்தால் நிலத்தின் விலைதான் முதலில் விழித்துக்கொள்கிறது.

கிள்ளான் ஃபார்வர்டிங்:
இருவரும் தண்டவாள அகலத்தை மறந்துவிட்டீர்கள். மலேசிய ரயில் நிறுவனமான கே.டி.எம்.மின் தடம் 1,000 மில்லிமீட்டர். தாய்லாந்துத் தடமும் அதே அகலம். அதனால்தான் எல்லைக்கு அப்பால் ஏற்றிய கொள்கலன் எல்லை ஊரான பாடாங் பெசார் வழியாக அதே வேகனில் இங்கே வர முடிகிறது. கிழக்குக் கரை மாநிலங்களை இணைக்கும் 665 கிலோமீட்டர் நீள இ.சி.ஆர்.எல். ரயில் பாதையும் செரண்டா வழியாகவே கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும்படி அமைகிறது. ஆனால் அது 1,435 மில்லிமீட்டர். "அந்தப் பாதையே போதும், கூட்ஸை அதில் அனுப்பு" என்று சொல்பவர்கள், செரண்டாவில் ஒவ்வொரு பெட்டியையும் கிரேனில் தூக்கி வேறு வேகனில் வைக்கும் நேரத்துக்கும் கூலிக்கும் யார் கணக்கு எழுதுவது என்று சொல்ல வேண்டும். அந்தச் செலவைப் பார்த்தவுடன் என் வாடிக்கையாளர், "லோரியிலேயே அனுப்பிவிடுங்கள் ஐயா" என்பார். அந்த லோரிகளும் கிள்ளான் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலைகளில்தானே ஓட வேண்டும்? மீட்டர் தடத்தில் புறவழி போட்டால் ஆதரிப்பேன், இல்லையேல் இருப்பதே மேல்.

சிகாம்புட்வாசி:
அகலம் பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரே சிலிப்பர் கட்டையில் மூன்றாவது தண்டவாளம் பதித்து, இரண்டு அகல வண்டிகளையும் ஓட்ட முடியும். வியட்நாமில் ஹனோய்க்கும் சீன எல்லைக்கும் இடையே அப்படித்தான் ஓடுகிறது. தம்பியின் அச்சமோ இடம் மாறியது. தடத்தைப் பெயர்க்கச் சொல்லவில்லை; கொமுட்டர் அதிலேயே ஓடட்டும், கூட்ஸ் மட்டும் வெளியே போகட்டும் என்கிறேன். கடைசி கொமுட்டர் போன பிறகு கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் தண்டவாளத்தையும் 25 கிலோவோல்ட் மேல்கம்பியையும் பழுதுபார்க்க முடியும், அந்நேரத்தையும் சரக்கு ரயில் பங்கு கேட்கிறது. மறுநாள் காலை கொமுட்டர் தாமதமானால் திட்டு வாங்குவது ஸ்டேஷன் ஊழியர்.

பிரிக்பீல்ட்ஸ் பேரன்:
பராமரிப்பு நேரம் பற்றிய வாதம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் செரண்டாவிலிருந்து கிள்ளானுக்கு வளையும் பாதை வெறும் செம்பனைக்குள் மட்டும் போகாது. கிள்ளானை அடுத்த காப்பார் பக்கத்தில் தோட்டத்திலிருந்து வெளியேறி இரண்டாம் முறையாக வீடு கட்டிய நம்மவர்கள் இருக்கிறார்கள். என் அத்தையும் அவர்களில் ஒருத்தி. அவள் வீட்டிலும் சாமிமேடையில் மணி இருக்கிறது, அண்ணே.

சிகாம்புட்வாசி:
அப்படியானால் கேட்க வேண்டியதைச் சேர்ந்தே கேட்போம், தம்பி. புதிய தடம் வீடுகளிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிப் போகும், ஒலித்தடுப்புச் சுவர் எங்கெங்கே வரும் என்ற வரைபடம் முதலில் காப்பாரில் ஒட்டப்படட்டும். அதைப் பார்த்துவிட்டு உங்கள் அத்தை சொல்லட்டும்.